வார்டுக்கு மாற்றிய பிறகு

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நிமோனியா முற்றிய நிலையில், ஊட்டியில் நான் நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். மயக்க மருந்து குறையும்போதெல்லாம் தொண்டைக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஒருமுறை அது பாதி வெளியே வந்துவிட்டது. அதன்பிறகு அவருடைய இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினேன். டாக்டர் சொல்லித்தான் செய்தேன். ஆனால் கட்டியது என் கை.

குழாய் எடுத்த மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றலாம் என்றார்கள். எங்கள் பிரிவில் இருந்து ஒருவர் உயிரோடு வெளியே போவது எங்களுக்குச் சந்தோஷமான விஷயம். நானே அவருக்குத் தலை வாரிவிட்டேன். டிராலியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியும் கப்பல்லயா புள்ள ஏத்துற?"

"கப்பல் எங்கிருந்துங்கம்மா வரும்? கீழ வார்டுக்குத்தான் போறீங்க. நல்லாயிட்டீங்க."

டிராலி தள்ளுபவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வார்டு நர்ஸிடம் மருந்து, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாம் சொல்லி ஒப்படைத்தேன். குழம்பிப் பேசுகிறார், கைகளைக் கட்டியிருந்தோம் என்ற இரண்டையும் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன கட்டிலுக்கு எமரால்டு என்ற ஊரில் இருந்து அடுத்த நோயாளி வந்து காத்திருந்தார். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்களிடம் யாரும் வந்து சொல்வதில்லை. நாங்களும் போய்க் கேட்பதில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கூடலூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் அருகில் வந்து, "சிஸ்டர்தானே?" என்றார். அந்த அம்மாவின் மகள். அத்தனை நாளும் எங்கள் கதவுக்கு வெளியே ப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தவர்.

"அம்மா எப்படிங்க இருக்காங்க?"

"தவறிப்போயி ஒரு மாசம் ஆச்சு சிஸ்டர். திரும்பவும் சளி கட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன்னுட்டாங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். அம்மா பத்து வயதில் சிலோனில் இருந்து கப்பலில் வந்தவர். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியதும், மகளே தன் கையைக் கட்டிக் கப்பலில் தனியாக ஏற்றிவிட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தாராம். மகள் கொடுத்த சோற்றைத் தொடவில்லை. பக்கத்து வீட்டில்தான் சாப்பிட்டார்.

"யாரும் கட்டலம்மா, கனவு கண்டிருக்கன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தோம். மணிக்கட்ட நீட்டிக் காட்டுவாங்க. புத்தி கலங்கிருச்சுன்னே நெனச்சோம்." பிறகு கேட்டார்: "யாராச்சும் கட்டினீங்களா சிஸ்டர்?"

பார்வையாளர் நேரத்தில் மணிக்கட்டு தெரியாமல் போர்வையை இழுத்துவிடுவோம். வீட்டு ஆட்கள் பார்த்தால் தாங்கமாட்டார்கள் என்றுதான்.

"நான்தானுங்க கட்டினேன்" என்றேன். ஏன் கட்டினேன் என்றும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தன் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அப்ப அம்மா சொன்னதுல பாதி நெசம். நான்தான் பொய்யின்னு சண்டை போட்டிருக்கேன்" என்றார். பந்தலூர் பஸ் வந்தது. "வரேன் சிஸ்டர்" என்று ஏறிக்கொண்டார்.



இப்போது யாரையாவது வார்டுக்கு மாற்றினால், மறுநாள் வேலை முடிந்ததும் கீழே போகிறேன். தொண்டையில் குழாய் இருந்தது, கையைக் கட்டினோம், கட்டியது நான் என்று நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் சொல்கிறேன். சிலர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். போன வாரம் ஓவேலிக்காரர் ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரே நாளில் நாலு பேர் புதிதாக வந்து சேர்ந்தால் மறுநாளும் மூச்சுவிட நேரமிருக்காது, யாரையும் போய்ப் பார்க்க முடிவதில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டவர்கள் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.