மூணாவது கடை வரைக்கும்

நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்றுதான் நினைத்திருந்தேன். எண்பதுகளின் நடுவில், நாற்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டரிடமும் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தினமும் ஒரு மணி நேரம் நடக்கணும். ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா கால் போயிடும்" என்றார்.

செஞ்சிக்காரனுக்கு நடை என்றால் கோட்டைதான். மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறினேன். பாதிப் படியில் மூச்சு முட்டி, குரங்குகள் பார்த்திருக்க உட்கார்ந்துவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் வெட்கம். அதோடு நடையை விட்டேன். ஒரு மணி நேரம் முடியாதவன் பத்து நிமிஷம் நடந்து என்ன கிழிக்கப் போகிறான்?

மனைவி விடவில்லை. காலையில் காபியை வைக்கும்போதே, "கால் போயிடும்னாரே, ஞாபகம் இருக்குதா?" என்பாள். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் கால் கனத்தது. முன்கோபி நான். "போனா போவுது, போ!" என்று ஒருநாள் கத்திவிட்டேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் டாக்டர் வீட்டில் ஊசி போட்ட நர்சம்மாவிடம் கோட்டைக் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடுத்த எடுப்புல அகலக்கால் வெச்சிட்டீங்க. உங்க கடைலேர்ந்து மூணாவது கடை இன்னா?"

"வெல்லக் கடை."

"நாளைக்கு அதுவரைக்கும் போயிட்டு வாங்க. முடிஞ்சா மறுநாள் அடுத்த கடை. ஒருநாள் விட்டுப்போனா இன்னொரு நாள் போங்க. ஒண்ணும் கெட்டுப்போவாது."

வெல்லக் கடை வரை யாரால்தான் முடியாது? போனேன். ஒரு மாதத்தில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினேன். மழையில் இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாம் நாள் கூசாமல் கிளம்பினேன். நர்சம்மா சொன்னதை வீட்டில் சொன்னதிலிருந்து மனைவியும் கால் போய்விடும் என்ற பேச்சை எடுப்பதில்லை.

ஒரு சாயங்காலம் அவளையும் கூப்பிட்டேன். அவள் முட்டிவலிக்காரி.

"என்னால அவ்ளோ தூரம் ஆவாதுங்க."

"தூரத்த யாரு கேட்டா? தெருமுனை வரைக்கும் வா. திரும்பிடலாம்."

வந்தாள். முனையில் நின்று மூச்சு வாங்கியவள், சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நானும் உங்களுக்கு இப்படிச் சொல்லியிருக்கணும். தெரியலீங்க. நீங்க இல்லாம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.