செங்கோட்டை லேகியம்

கல்யாணமாகித் தாயில்பட்டிக்கு வந்த புதிதில் என் மாமியாரைக் கண்டால் எனக்கு நடுக்கம். பருத்திக்காட்டில் பத்துப் பேரை ஒரே சத்தத்தில் நிறுத்துகிறவர். ஆனால் வயிற்றுவலி வந்துவிட்டால் தலையணையை அணைத்துக்கொண்டு சுருண்டுவிடுவார். அதற்குக் கேட்ட ஒரே மருந்து, செங்கோட்டை வைத்தியர் ஒருவர் கிண்டித் தரும் லேகியம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அத்தையும் நானும் சிவகாசியில் ரயிலேறிப் போய் வாங்கி வருவோம்.

நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போடுவார். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கும், ஆளே மாறிவிடுவார். "ஏத்தா, இங்கன வந்து உக்காரு" என்று கூப்பிட்டு, தன் கல்யாணத்தன்று மாமாவின் செருப்பு தொலைந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். முடித்ததும் அதையே மறுபடி ஆரம்பிப்பார். அப்படித்தான் எனக்குப் பயம் போனது. லேகியத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

ஒரு தடவை திரும்பும்போது தென்காசி ஸ்டேஷனில் போலீஸ் சோதனை. வயதான ஏட்டு ஒருவர், எதிரே இருந்தவரின் பையிலிருந்து கஞ்சாப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"செங்கோட்டையில லைசென்ஸ் கடையில வாங்குனதுய்யா" என்றார் அந்த ஆள், அழாத குறையாக.

"கடை அவுக ராஜ்யத்துல. இது மெட்ராஸ் ராஜ்யம். இங்கன வச்சிருந்தா கேசு. எறங்கு."

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அடுத்த ஊருக்கு வந்தால் சட்டமே வேறு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஏட்டு எங்கள் ஜாடியையும் திறந்து மோந்து பார்த்தார். "என்ன பெரியம்மா இது?"

"வயித்துவலி லேகியம்யா. ஒரு உருண்டை தாரேன், சாப்பிடுதீகளா?"

அவர் அத்தையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஜாடியை மூடி என் மடியில் வைத்து, "நல்லா இறுக்கி மூடி வைங்க. மணக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ரயில் நகர்ந்ததும் கேட்டேன். "அத்தை, இதுல கஞ்சா இருக்கா?"

"இல்லாம வலி எப்பிடித்தா நிக்கும்?"

"பயமா இல்லையா?"

"இந்த வலிய விடவா போலீசு?" என்றார். ஆனால் அவர் முந்தானை நுனி கிழிகிற மாதிரி முறுக்கப்பட்டிருந்தது.

பிறகு மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தார்கள். செங்கோட்டை மெட்ராஸோடு சேர்ந்தது. அடுத்த தடவை நாங்கள் போனபோது வைத்தியர் வெறுங்கையைக் காட்டினார். "அந்த இலை வச்சிருக்க இனிமே எனக்கும் லைசென்ஸ் வேணும்மா. எழுதிப் போட்டிருக்கேன். அதுவரைக்கும் இலை இல்லாமத்தான் கிண்டுவேன். அம்புட்டாக் கேக்காது."

"ஊரு நகரலியே! அதே ரயிலு, அதே வீடுதான?" என்றார் அத்தை.

"எல்லை நகந்திருச்சேம்மா."

புது லேகியம் கேட்கவேயில்லை. ஒரு மத்தியானம் வலி தாங்காமல் அத்தை எறிந்த செம்பு என் காதோரம் போய்ச் சுவரில் மோதியது. அரண்டு நின்ற என்னைக் கைநீட்டிக் கூப்பிட்டார். "அந்த லேகியம் இருந்தப்பத்தான் நான் நல்லவளா இருந்தேனோன்னு இருக்குத்தா. ஒன்னைய என்ன சொல்லி வஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு."

"வையுங்க அத்தை. நான் எங்கயும் போகல."

நிஜமாகவே வைதார். நான் தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டேன். நடுவில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உடம்பில் கத்தி படக் கூடாது என்று வருஷக்கணக்காக மறுத்தவர், வேறு வழியில்லாமல் என்னோடு மதுரை டாக்டர் ஒருவரிடம் வந்தார். பித்தப்பையில் கல். எடுத்து ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். "இத்தனூண்டுக்கா இம்புட்டுப் பாடு!" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வலி வரவில்லை.

மறு வருஷம் வைத்தியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். நான் வாசித்து முடிப்பதற்குள் அத்தை பெட்டியைத் திறந்து நல்ல சேலையை எடுத்துவிட்டார்.

"வலிதான் போயிருச்சே, அத்தை?"

"வலிக்கு யாரு போறா? அந்த மனுசன நல்லா இருக்கீகளான்னு கேட்டுட்டு, குத்தாலத்துல ரெண்டு பேரும் ஒரு குளி குளிச்சிட்டு வருவோம். கெளம்புத்தா."

வீட்டில் யாரிடமும் கேட்காமல், மறுநாள் காலை ரயிலுக்கே கிளம்பினோம்.