ஐம்பத்தெட்டாம் எண்ணின் அம்மா

டோரின் ஹால்பர்ட்டைப் போல ஒரு அம்மா எங்கள் பிள்ளைகள் ஆடுகிற க்ளப்பில் இல்லை. இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறேன், கடைசிவரை படித்துவிட்டு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பால்டிமோருக்கு வடக்கே ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவரால் பதில் பேச முடியாதே, அது டோரினுக்கு ரொம்ப வசதி. மகள் கீலி எந்த மைதானத்தில் எந்த மூலையிலிருந்து கோல் போட்டாள் என்று ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான் தெரியும். கணவன் வார்ட் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு, இருந்தாலும் வாய் திறக்கமாட்டான்.

நான் ஃபே. என் மகள் மார்னி கோல் வலையைக் காக்கிற கோலி. கோலிகளின் அம்மாக்கள் தனி ரகம். வலைக்குப் பின்னால் தள்ளி நிற்போம், ஒரு கோல் விழுந்தால் எங்கள் பக்கம் யாரும் திரும்பக்கூட மாட்டார்கள். கீலியும் மார்னியும் பல் விழுந்த வயதிலிருந்து ஒன்றாக லாக்ராஸ் ஆடுகிறார்கள், நுனியில் வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம். என் சமையலறையில் நின்று கீலி தின்ற பான்கேக்குக்கு அளவே இல்லை.

பதினோராம் வகுப்பு தொடங்கும் செப்டம்பர் முதல் தேதிவரை, அணிக்கு ஆள் தேடுகிற கல்லூரி கோச்சுகள் பிள்ளைகளோடு பேசக்கூடாது என்று விதி. நாங்களும் அவர்கள் பக்கத்தில் போகக்கூடாது. அதனால் அதற்கு முந்தைய கோடை முழுக்க ஒரு ஊமை நாடகம் நடக்கும். ஷோகேஸ் என்று பெயர். மைதானத்தின் ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகளில் அவர்கள், எதிர்ப்பக்கம் நாங்கள். கோச்சுகள் வந்து உட்கார்ந்ததும் பெற்றோர் யாரும் மூச்சு விடக்கூடாது. கத்துகிற அம்மாவின் பெண்ணை எவரும் எடுக்கமாட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு பயம்.

அந்த ஜூன் மாதம் டெலவேர் எல்லையில் சோளக்காட்டுக்கு நடுவில் ஷோகேஸ். வரிசையாக மைதானங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூறு பெரியவர்கள், ஒரு சத்தம் இல்லை. விசிலும் ஓடுகிற கால்களும் மட்டும்தான் கேட்கும். எனக்கு எப்போதும் அந்த அமைதி பிடிக்காது. துக்க வீட்டில்கூட யாராவது இருமுவார்கள்.

அன்று க்ளப்புகளைக் கலைத்து, பெண்களைப் புது அணிகளாகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் கையில்லாத வலைச்சட்டை ஒன்று, அதில் ஒரு எண். கோச்சுகளுக்கு எண்தான் கணக்கு. எல்லாப் பெண்களும் காலையில் காரின் பின்கதவில் வரிசையாக உட்கார்ந்து ஒரே மாதிரி தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொள்கிறார்கள். கண்ணுக்குக் கம்பிக் கூண்டு, வாய்க்குள் பல்லைக் காக்கிற ரப்பர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பெண்ணை முப்பது முறை அச்சடித்தது போல இருக்கும்.

கீலிக்கு ஐம்பத்தெட்டு. டோரினுக்கு ஒரே ஒரு கல்லூரிதான் கனவு, வர்ஜீனியா மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. அதன் கோச் பச்சைச் சட்டையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே டோரின் செல்போனை மூன்றுகால் ஸ்டாண்டில் மாட்டி, திரையில் கண்ணைப் பதித்துவிட்டாள்.

முதல் ஆட்டத்திலேயே ஐம்பத்தெட்டு மார்னியின் வலைக்கு வந்தது. வந்த வேகமே வேறு. சடாரென்று ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றி ஒரு அடி, வலை அதிர்ந்தது. நான் பின்னால்தான் நிற்கிறேன். கம்பிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் என்னை ஒரு நொடி பார்த்தாள். கீலி எங்கே என்னைக் கண்டாலும் மூக்கைச் சுளித்துக் காட்டுவாள். இந்தக் கண்கள் யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பின.

இடைவேளையில் மார்னியிடம் போனேன். "என்னடி ஆச்சு கீலிக்கு?"

"நீ பேசாம இரும்மா," என்றாள் அவள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. டோரின் இருந்த இடத்துக்கே போய்விட்டேன். "கீலி எப்ப இடது கையில அடிக்க ஆரம்பிச்சா?"

"பேஸ்மென்ட் சுவத்துல அடிச்சு அடிச்சுப் பழகியிருக்கா, கள்ளி! எங்கிட்டகூடச் சொல்லல பாரு." அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. "பச்சைச் சட்டைய பாத்தியா ஃபே? பக்கத்து ஆள கூப்பிட்டுக் காட்டுது."

அப்போது ஐம்பத்தெட்டு எங்களை உரசாத குறையாக ஓடியது. டோரின் கட்டுப்பாட்டை மீறி மெதுவாக "கீலி!" என்றாள். அந்தப் பெண் திரும்பவில்லை.

"கவனம்னா அது கவனம்!" என்று என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள் டோரின். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"எனக்கு என்னமோ அது கீலி மாதிரியே தெரியலடி."

"போடி பைத்தியம். பெத்தவளுக்குத் தெரியாதா?"

என் வலைக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். மாலையில் கார் நிறுத்துமிடத்துக்கு ஐம்பத்தெட்டாம் சட்டையைப் போட்டுக்கொண்டு கீலி வந்தாள். சட்டை பிழிந்தால் வழிகிற அளவுக்கு ஈரம். முகத்திலோ கழுத்திலோ ஒரு துளி வியர்வை இல்லை. டோரின் அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள், அந்தப் பெண் கைகளைத் தொங்கப்போட்டபடி என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்காமல் நின்றாள்.

ஜூலை முழுக்க டோரின் அந்த வீடியோவை வெட்டி ஒட்டினாள். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஐம்பத்தெட்டின் தலைக்கு மேல் ஒரு சிவப்பு அம்புக்குறி. கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன்பு எங்களையெல்லாம் நண்டு விருந்துக்கு அழைத்து, பின்கட்டில் டி.வி.யை வைத்துப் போட்டுக் காட்டினாள். எல்லோரும் சுத்தியலால் நண்டு உடைத்துக்கொண்டே ஆகா ஓகோ என்றார்கள். கீலி மட்டும் உடைப்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை. அது வரவில்லை.

வார்ட் தொண்டையைச் செருமினான். "ஓட்டம் நம்ம கீலி மாதிரி இல்லியே, டோர்."

"நீ எந்த வருஷம் வந்து பாத்த? வாய மூடிக்கிட்டு நண்டத் தின்னு."

அவன் அடுத்த நண்டை எடுத்தான்.

செப்டம்பர் முதல் தேதி பெரிய நட்சத்திரங்களுக்கு நள்ளிரவு தாண்டியதும் போன் வந்துவிடும். மற்றவர்களுக்குப் பகலில் வரும், அல்லது வராது. டோரின் வேலைக்கு லீவு போட்டு, பச்சை நிறத்தில் கேக் செய்துவைத்து, துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். பள்ளி விட்டு வந்த கீலி சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. டோரின் பாய்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கீலி, ஜூன்லேர்ந்து இந்த நாளுக்காகக் காத்திருக்கேன்," என்றது கோச்சின் குரல். "அந்த இடது கை, பந்து இல்லாதப்பவும் நிக்காத அந்த ஓட்டம்! நீ எங்க டீமுக்கு வேணும்மா."

டோரின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோச், அது நான் இல்ல," என்றாள் கீலி. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நாங்க சட்டைய மாத்திக்கிட்டோம். அவ பேரு வின்னி ஸ்லோகம், அன்னிக்கு அவ நம்பர் எழுபத்தொண்ணு. நீங்க தேடுறது அவளத்தான்."

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு கோச் நன்றி சொல்லி, பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். மூன்று வருட ஆசை அவ்வளவுதான்.

"ஏண்டி?" என்றாள் டோரின். "ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"அவ தனியா பஸ்ல வந்திருந்தா. அவ ஆடுறத வீடியோ எடுக்க ஆளே இல்லன்னு சொன்னா. முதல் மேட்ச்சுக்கு மட்டும்தான் மாத்துனோம், விளையாட்டுக்கு. நீ உடனே கண்டுபிடிச்சுத் திட்டுவ, திரும்ப மாத்திக்கலாம்னு நெனச்சேன்." கீலி கேக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கால் சுளுக்குன்னு சொல்லி அவ டீம்ல நான் ஆடவே இல்ல. நாள் முழுக்க உன் பக்கத்துலதான் சுத்திக்கிட்டிருந்தேன்."

"பொய் சொல்லாத!"

"வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்த வீடியோ உங்கிட்டதான இருக்கு? போட்டுப் பாரு."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். டோரின் லேப்டாப்பைத் திறந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளித் தள்ளி ஓட்டினேன். புல், கால்கள், ஐம்பத்தெட்டு, மறுபடி ஐம்பத்தெட்டு. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் திரை இருண்டது. யாரோ கேமராவுக்குக் குறுக்கே வந்து நின்றிருந்தார்கள். சட்டையில் எழுபத்தொன்று. அந்தப் பெண் கம்பிக் கூண்டைக் கழற்றாமல் திரும்பி நேராக எங்களைப் பார்த்தாள். வாயில் ரப்பரோடு, ஆனால் தெளிவாகவே, "அம்மா" என்றாள்.

உடனே டோரினின் குரல் கேட்டது. நாற்காலியில் படுத்திருப்பவர்களிடம் பேசுகிற அதே இனிமையான குரல். "உங்க அம்மா அந்தப் பக்கம் எங்கயாவது இருப்பாங்க கண்ணு, போய்ப் பாரு. கொஞ்சம் தள்ளிக்கோ, என் பொண்ணு ஆடுறா."

அந்தப் பெண் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நகர்ந்தாள், புல்வெளி மீண்டும் வெளிச்சமாகத் தெரிந்தது.

டோரின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஃபே," என்றாள், "அது என் குரலா?"

ஆமாம் என்றேன்.