ஆள் வருகிற நாள்

பயிற்சி ஆசிரியர் என்பவர் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பயப்படக் கடமைப்பட்ட ஒரே ஆள். பெரிய ஆசிரியருக்குப் பயம், வழிகாட்டி ஆசிரியைக்குப் பயம், மார்க் போட வரும் விரிவுரைஞருக்குப் பயம், முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு "நேத்து வேற மாதிரி சொன்னீங்களே டீச்சர்" என்று கேட்கிற பிள்ளைக்கு எல்லாவற்றையும் விடப் பயம். உங்களில் யாராவது பிரக்டிகம் என்கிற இந்தக் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்தால் காலை ஆறு மணிக்கே பாடக் குறிப்பை நாலாவது முறை புரட்டுவோமே, அது தெரிந்திருக்கும். போகாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் அலோர் ஸ்டார்க்காரி. அப்பா அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. தோட்டம் என்றால் பெருநாளுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, இருட்டுவதற்குள் காடியில் ஏறித் திரும்பிவிடுகிற இடம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் செர்டாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் போட்டார்கள்.

முன்னால் போனவள்

போவதற்கு முன் கல்லூரியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 'கல்வியில் சமமின்மை' என்று எங்களுக்கு ஒரு பாடம். நடத்தியவர் மாணிக்கம் சார். பிறகு என் பயிற்சிக்கு மார்க் போட வந்தவரும் அவரேதான். ஒருநாள் எங்களைத் திடலுக்குக் கூட்டிப் போய் ஒரே கோட்டில் நிற்க வைத்தார். "வீட்ல படிக்கத் தனி மேசை இருந்தவங்க ஓரடி முன்னால வாங்க. டியூஷன் போனவங்க ஓரடி. வீட்டுப் பாடத்துக்கு உதவி செய்யப் பெரியவங்க இருந்தா ஓரடி." நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. போகப் போகப் பக்கத்தில் ஆளே இல்லை. அப்புறம் ஏனோ பயம் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது.

கோட்டிலேயே நின்றவன் ஜோசப். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் பாடம் நடத்துகிறவன். "எப்படி இருக்கு ஜோசப்?" என்று சார் கேட்டார். உருக்கமாக ஏதோ சொல்லப்போகிறான் என்று நாங்கள் கண்ணைத் துடைக்கத் தயாராக இருந்தோம். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "இங்கேருந்து பாத்தா எல்லார் முதுகும் நல்லாத் தெரியுது சார்."

படமா, காற்றா

எனக்குக் கொடுத்தது நான்காம் ஆண்டு வகுப்பு. மாணிக்கம் சார் முதல்முறை என்னைப் பார்க்க வந்த நாளில் அசத்திவிட வேண்டும் என்று, அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய புரொஜெக்டரை அலோர் ஸ்டாரிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டு போனேன். கடல் பற்றிய பாடம். தஞ்சோங் டாவாய்க்குப் போய் மீன் படகுகளை நானே படம் பிடித்திருந்தேன். சார் பின்னால் உட்கார்ந்தார். நான் பிளக்கைத் தேடினேன். வகுப்பில் இருந்ததே ஒரு பிளக்பாயின்ட், அதில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரை. காற்றாடியைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது, சார் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

வெளிச்சத்தில் படகும் சரியாகத் தெரியவில்லை. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று புரியாமல் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அன்றைக்குச் சார் எனக்குப் பலவீனம் என்று எழுதினார். அடுத்த முறையும் அப்படியே எழுதினால் பயிற்சியைத் திரும்ப எடுக்க வேண்டும், என் செட் எல்லாம் வேலைக்குப் போய்விடும், நான் மட்டும் ஜூனியர்களோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பயம் அன்றிலிருந்து என்னோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்தியது. அன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் எனக்கு உதவத்தான் பார்த்தது: "டீச்சர், படம் வேணுமா காத்து வேணுமான்னு ஓட்டுப் போட்டுப் பாப்பமா?"

எல்லாரும் போன மலை

பள்ளி விடுமுறை முடிந்ததும் 'நான் சென்ற இடம்' என்று கட்டுரை கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தால், அத்தனை பேரும் கேமரன் மலைக்குப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரும் அங்கே ஸ்ட்ராபெரி பறித்திருக்கிறார்கள். அத்தனை பேரின் உடம்பையும் 'இதமான குளிர் தழுவியது'. ஒரே பஸ்ஸில் போயிருப்பார்களோ என்று முதலில் நினைத்தேன். பயிற்சி நூலில் இருந்த மாதிரிக் கட்டுரை அது. விடுமுறையில் யாரும் எங்கேயும் போகவில்லை, உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாவோடு செம்பனைக் காட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள். அதை எழுதினால் மார்க் கிடைக்காது என்று பயம்.

ஒரே ஒருத்தி மட்டும் எதுவும் எழுதவில்லை. யோகேஸ்வரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், உதட்டைத் திறக்க மாட்டாள். நான்காம் ஆண்டு வந்தும் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலா அவளுக்காகப் பரிந்து பேசினாள்: "அவளுக்குப் பாத்து எழுதவும் தெரியாது டீச்சர், அதான் அவ மலைக்கு வரல."

லைப்ரரி

அன்று முதல் ஓய்வு நேரத்தில் யோகேஸை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். மீகூனைத் தின்றுகொண்டே படிப்பாள். ஒரு வரியைக் கரையேற்ற ஒரு ஓய்வு நேரம் போய்விடும். ஆனால் கரையேறினால் ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள், என் பயமெல்லாம் கொஞ்ச நேரம் ஓடிப்போகும். "அந்த சார் வர்ற அன்னிக்கு நான் படிக்கட்டுமா டீச்சர்?" என்று அவளே ஒருநாள் கேட்டாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டேன்.

இதை என் வழிகாட்டி ஆசிரியை சரஸ்வதி டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். மேலிடத்திலிருந்து ஆள் வந்தால், படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் லைப்ரரிக்குப் போய்விட வேண்டும். சார் முதல்முறை வந்த அன்றும் போயிருக்கிறார்கள், பிளக்கைத் தேடிய பதற்றத்தில் நான்தான் கவனிக்கவில்லை. முன்பு ஓர் அதிகாரி ஒரு பையனை எழுப்பிப் படிக்கச் சொல்லி, அவன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டானாம். அதற்கப்புறம் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லையாம். சரஸ்வதி டீச்சர் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார்: "நீங்க ரெண்டு மாசத்துல போயிடுவீங்க மதி. அவ அழுதா, அடுத்த நாள் அவ முகத்தை நான்தான்லா பாக்கணும்."

தேவலாம்

எது சரி என்று தெரியாமல் யோகேஸின் அம்மாவையே கேட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜோசப்பும் அதே பள்ளியில்தான் பயிற்சி, துணைக்கு வந்தான். வாசலில் ஒரு நாய் பல்லைக் காட்டியது. நான் ஜோசப்புக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னைப் பார்த்து யோகேஸின் அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். டீச்சர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறது என்றுதான் அர்த்தமாம். நாய் ஒன்றுதான் அங்கே பயப்படாமல் இருந்தது.

உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்பது போலச் சிரித்தார். லைப்ரரிக்கு அனுப்புவது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அவரும் அதே பள்ளியில் படித்தவர்தானாம். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார்: "அப்பல்லாம் ஆள் வந்தா எங்களை ரப்பர் பால்மரத்துக்குள்ள உக்கார வெப்பாங்க டீச்சர், ஒரே கொசு. இப்ப காத்தாடியெல்லாம் இருக்கு, தேவலாம்."

வெள்ளைக் காடி

சார் இரண்டாம் முறை, அதாவது கடைசி முறை வந்த நாள். சுவரில் ஒட்டுகிற பெரிய மாஜோங் தாளில் குழு நடவடிக்கை எல்லாம் எழுதி ஒட்டத் தயாராக வைத்திருந்தேன். யோகேஸை என்ன செய்வது என்று மட்டும் முடிவு செய்யவில்லை. அவள் அழுதால் என்னால் அழுதவளாகிவிடுவாள். அனுப்பிவிட்டால் நான் ஆட்டிய மண்டைக்கு என்ன மரியாதை? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன்.

வாசலில் சார் ஓட்டி வந்த வெள்ளைக் காடி திரும்பியது. நான் எதையும் சொல்லவில்லை. யோகேஸ் தானாகவே எழுந்தாள், பையை மாட்டினாள், இன்னும் இரண்டு பேரும் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையாகக் கதவை நோக்கி நடந்தார்கள். என்னிடம் கேட்டதையே மறந்துவிட்டாளோ, இல்லை நான் மறந்திருப்பேன் என்று நினைத்துவிட்டாளோ, தெரியவில்லை. அதற்குள் பெரிய ஆசிரியரும் மாணிக்கம் சாரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "யோகேஸ், எங்க போறீங்க மூணு பேரும்? வந்து உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். பெரிய ஆசிரியர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வாசிப்பு நேரம் வந்ததும் யோகேஸ் கையைத் தூக்கினாள். எழுந்தாள். முதல் சொல் வந்தது. இரண்டாவது வரவில்லை. பின்னால் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரஸ்வதி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவள் உதட்டைக் கடித்தாள், விரலை எழுத்தின்மேல் வைத்து அழுத்தினாள், கூட்டினாள், வந்தது. அடுத்த சொல். அடுத்தது. அந்த ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. குழு நடவடிக்கையும் இல்லை, மதிப்பீடும் இல்லை, சுருட்டிய மாஜோங் தாளைப் பிரிக்கவே இல்லை. யோகேஸ் அழவில்லை. அழுதது சரஸ்வதி டீச்சர்தான். சார் பேனாவை மூடிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "பீடிகை பிரமாதம்மா. அதுக்கப்புறம் நீ எழுதி வெச்ச பாடம் எதுவுமே நடக்கலையே!"

கடைசி வியாழன்

தேறிவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள், மயிரிழைதான். பெரிய ஆசிரியர் சரஸ்வதி டீச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாராம், என்ன பேசினார் என்று டீச்சர் சொல்லவே இல்லை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை, வியாழன்தான் வாரத்தின் கடைசிப் பள்ளி நாள். கடைசி வியாழனன்று பிள்ளைகள் கார்டு கொடுத்தார்கள், கேக் வெட்டினோம், எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த வாரம் கல்வி இலாகாவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

யோகேஸ் மட்டும் அழாமல் ஓரமாக நின்றாள். எல்லாரும் போனதும் என்னிடம் வந்தாள். பலகையை அவளே படித்துவிட்டிருந்தாள், நான் சொல்லிக்கொடுத்த படிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த வாரம் ஆள் வந்தா, நான் எங்க உக்காரணும் டீச்சர்?"

'கல்வியில் சமமின்மை' தேர்வில் எனக்கு ஏ கிடைத்தது. இந்தக் கேள்வி அந்தத் தாளில் வராமல் போனது என் நல்ல நேரம்தான்.