ஒன்பதாவது பாட்டு

என் அக்கா துணிக்கு இஸ்திரி போடுகிறவள். அத்தான் சாகும்போது விட்டுப்போன இசைத்தட்டுகள் முந்நூறுக்கு மேல் அவளிடம் உண்டு. யாரும் பார்க்காத படத்துப் பாட்டு, நாடகப் பாட்டு, பல்பொடி விளம்பரப் பாட்டு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஞாயிறு காலை ஒன்பது பாட்டுப் பொறுக்கி, போனில் பதிந்து, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போடுவாள்.

அந்தக் குழுவில் அத்தானின் தம்பியும் இருந்தார். உள்ளூர் வானொலியில் ஞாயிறு மாலை பேசுகிறவர். ஒருநாள் ரேடியோவைத் திருப்பினால், காலையில் கேட்ட அதே ஒன்பது பாட்டு, அதே வரிசையில். "ஊர் ஊராக அலைந்து நான் தேடிச் சேர்த்தவை" என்கிறார். மூன்றாவது பாட்டில் ஊசி தாவுகிற இடம்கூட அப்படியே. அது அத்தானின் கை தவறி விழுந்த கீறல்.

அக்கா நேரிலேயே கேட்டாள்.

"ஏன் தம்பி, உங்க அண்ணன் பேரை ஒரு வாட்டியாவது சொல்லக்கூடாதா?"

"எல்லாம் சொல்ற விதத்துல இருக்கு அண்ணி. நீங்க சட்டையப் பாருங்க, பாட்டை நான் பாத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்காகவும் சேர்த்துச் சாமி கும்பிட்டேன்.

மறுவாரம் என்னைக் கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டாள். பிரார்த்தனைக் கூட்டத்தைத் தவிர வேறெங்கும் நான் பாடியதில்லை. நிலாவைக் கூப்பிடுகிற மாதிரி நாலு வரி அவளே கட்டி வைத்திருந்தாள்.

"மூக்கால பாடுடி. அறுபது வருஷம் முன்னாடி பாடினவ மாதிரி."

"பொய் இல்லையா அக்கா?"

"நீ பாடு. பொய்யை அவர் சொல்வாரு."

போனைக் காலி வாளிக்குள் வைத்தாள். நான் பாடப் பாட, சூடான இஸ்திரிப் பெட்டிமேல் விரலால் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்று பொரிந்தது. கேட்டுப் பார்த்தால், தேய்ந்த பழைய தட்டேதான்! அதை ஒன்பதாவதாகப் போட்டாள். யார் பாடியது, என்ன படம், ஒன்றும் எழுதவில்லை.

மாலை ரேடியோவில் அந்தப் பாட்டு முடிந்ததும் அவர் குரல் தழுதழுத்தது. "இந்த அம்மையாரின் கடைசி நாளில் உடனிருந்தேன். என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார்." அவர் சொன்ன அம்மையார் நான்தான். அக்கா ஒரு சட்டைக் காலரை நிதானமாகத் தேய்த்து முடித்தாள்.

அவளுக்கு அவசரமே இல்லை. இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. நிகழ்ச்சியின் நூறாவது வாரத்துக்கு நூலக மண்டபத்தில் விழா வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. அவர் கைக்குட்டையோடு அந்தச் சாவுக் கதையை மறுபடி சொன்னார். அக்கா துணிப்பையோடு எழுந்தாள்.

"அந்தம்மா செத்தது நிச்சயமா தம்பி?"

"என் கண்ணால பாத்தேன் அண்ணி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்துக்குத்தான் காத்திருந்தாள் போல. பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேடையோரம் இருந்த பிளக்கில் செருகினாள். சூடேறியதும் என்னை மைக் முன்னால் தள்ளினாள். மூக்கால் பாடினேன். அவள் தண்ணீர் தெளிக்க, பெட்டி பொரிந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின் வரிசையில் ஒருவர், "செத்தவங்க எழுந்து வந்துட்டாங்கப்பா!" என்றார். மண்டபமே குலுங்கியது. அத்தானின் தம்பி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தமுறை நிஜமாக.

நிகழ்ச்சி போயிற்று. வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு மனசு இளகிவிட்டது.

"மன்னிச்சிடேன் அக்கா. கடவுள் மன்னிக்கலையா?"

"அது அவர் வேலை. எனக்கு இஸ்திரி வேலை இருக்கு."

இன்றும் ஞாயிறுதோறும் பாட்டு வருகிறது. எட்டு பாட்டு மாறும். ஒன்பதாவது மாறாது, என் குரல்தான். குழுவை விட்டு அவர் விலகினால் வெளியூர்ச் சொந்தமெல்லாம் காரணம் கேட்கும். அதனால் இருக்கிறார்.

இதற்காகவும் தினம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுகிறேன். ஆனாலும் ஞாயிறு காலை அக்காவின் போனில், அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டதா என்று பார்க்காமல் காபி இறங்குவதில்லை.