கல்யாண மண்டபத்து வாசலில் என் வண்டி

எங்கள் ஊர்ப்பக்கம் இந்த மாதிரி பெரிய வெளிநாட்டுக் கார் வண்டியை முதலில் வாங்கியவன் நான்தான். எனக்கு அப்புறம் இரண்டு பேர் வாங்கினார்கள். ஒருத்தர் கோழிப்பண்ணைக்காரர், இன்னொருத்தர் லாரிக்கு பாடி கட்டுகிறவர். இரண்டு பேருமே முதலில் என் வீட்டுக்கு வந்து, என் வண்டியில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன குறைந்துவிட்டது? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், பதினான்கு வயதில் போர்வெல் ரிக்கில் ராடு தூக்கப் போனவன், இன்றைக்கு ஆறு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரன். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் வண்டி வந்த நாளிலிருந்து எனக்கு எலுமிச்சம்பழம்கூட ஞாயமான விலைக்குக் கிடைப்பதில்லை. ராசிபுரம் சந்தையில் ஒரு அம்மா கூறு கட்டி வைத்திருந்ததைக் குறைத்துக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். "ஏஞ்சாமி, அந்த வண்டி குடிக்கிற எண்ணெய்க்கு என்ற தோட்டமே பத்தாது, நீ என்ற எலுமிச்சங்காயில வந்து மிச்சம் புடிக்கிறயா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பல் டாக்டர் கூலியை ஏற்றினார். கோயில் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, எவ்வளவு எழுதட்டும் என்று கேட்காமல் அவர்களே ஒரு தொகையை எழுதி நீட்டினார்கள். டீக்கடையில் என்னோடு ராடு தூக்கிய ஒருத்தன், "என்னங்க முதலாளி, பூமிக்குள்ள தண்ணி வருமோ வராதோ, உங்களுக்கு மட்டும் வண்டி வந்துருது" என்று என் காதுபடவே சொன்னான். வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவன் வாங்க போங்க என்று மாறியதுதான் உறுத்தியது. இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். வெளியாள் பேச்சுதானே.

எனக்கு ஒரே தங்கை. என்னைவிட எட்டு வயது சிறியவள். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது நான். எங்கோ ஆந்திரா பக்கம் மூன்று மாதம் போர் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன். தலை, புருவம், மீசை எல்லாம் கல்மாவு படிந்து வெள்ளையாக இருக்கும். முதல் தடவை அப்படி வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் ஓடி, "அம்மா, யாரோ கெழவன் வந்திருக்கறான்" என்று அழுதாள். அந்தக் கல்மாவு என் நெஞ்சுக்குள் போய், இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் இருமல் வருகிறது. என் வண்டி எந்தக் காசில் வந்தது என்று உலகத்தில் சத்தியம் பண்ணக்கூடிய ஆள் ஒருத்தி உண்டு என்றால், அது அவள்தான்.

அவளை வெண்ணந்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தேன். அவர்களுக்கு ஒரே பெண் பிள்ளை. அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்கே நான் மச்சானிடம் சொல்லிவிட்டேன்: "மாப்ள, இவளுக்குப் பட்டங் கட்டறவன் நான். நீ மத்ததப் பாத்துக்க." எங்கள் பக்கக் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நூல், அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டுகிறவன்தான் தாய்மாமன் என்று சபை அறியும். ஒரே தங்கை, அவளுக்கும் ஒரே பிள்ளை என்பதால் எனக்கு அந்த ஒரு நெற்றிதான் இருந்தது.

போன வருஷம் அவளுக்குக் கரூர் பக்கம் வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றைக்கு நான் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். உட்காரக்கூட இல்லை. மேச்சேரியில் போர் போட்டுக்கொண்டிருந்த ரிக் வண்டியின் கம்ப்ரசர் நின்றுவிட்டதென்று போன் வந்தது, கிளம்பிவிட்டேன். சந்தில் என் வண்டி வெளியே வரவும், அவர்களுடைய சின்னக் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. அவர்கள்தான் பின்னால் எடுத்து எனக்கு வழி விட்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனேன். நிச்சயதார்த்தத்தின்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்தேன். அங்கே ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது, நான் போனால்தான் வெளியே வரும். எனக்குப் பதிலாக என் சித்தப்பா மகன் சபையில் உட்கார்ந்தான். உட்காரச் சொன்னதும் நான்தான்.

பத்திரிகை வந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் படிப்பேன். 'தாய்மாமன்' என்ற இடத்தில் சித்தப்பா மகன் பெயர் முதலில், என் பெயர் நான்காவதாக, பெரியப்பா மகன்களோடு சேர்ந்து இருந்தது. என் மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "எழுத்து வரிசையில போட்டிருப்பாங்களோ என்னமோ" என்றாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பட்டத்தை சேலத்தில் தங்கத்திலேயே செய்யச் சொன்னேன். ஆசாரி, "நெத்திக்கு இவ்வளவு கனம் வேண்டாமுங்க, புள்ள தலை நிமுத்த முடியாது" என்று சொல்லிச் சொல்லிக் குறைத்தார். தங்கை முந்தின நாள் போனில், "அண்ணா, நீ ஏழு மணிக்கு வந்தாப் போதும், அவசரமில்ல" என்றாள்.

அவள் ஏழு என்றாலும் நான் ஆறே முக்காலுக்கு ராசிபுரம் மண்டபத்துக்குப் போய்விட்டேன். வண்டியை நேராக வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பட்டு வேட்டி, தோளில் துண்டு, பையில் பட்டம். மணமேடைக்குப் போனால் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியில் பட்டம். பக்கத்தில் சித்தப்பா மகன் மார்பெல்லாம் சந்தனத்தோடு நிற்கிறான். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்க்காத முகத்தை எதற்குத் துடைக்க வேண்டும்?

"எப்படா கட்டினீங்க?" என்றேன்.

"ஆறு மணிக்குங்கண்ணா. அக்கா சொல்லுச்சு."

என் மனைவி என் முழங்கையைப் பிடித்து, "ஏனுங்க, சபையில வேண்டாமுங்க" என்று கீழே கூட்டிக்கொண்டு வந்தாள். நேரம் மாறிவிட்டிருக்கும், எனக்குச் சொல்ல மறந்திருப்பாள் என்று என் மனசு ஒரு பக்கம் அவளுக்காக வாதாடிக்கொண்டுதான் இருந்தது. அப்போது மாப்பிள்ளையின் அப்பா வந்து கும்பிட்டார். ஒல்லியான ஆள், மரியாதையான பேச்சு.

"வாசல்ல நிக்கிறது உங்க வண்டிதானுங்களே? அன்னிக்கு வெண்ணந்தூர்லயே பாத்தனுங்க."

"ஆமாங்க. நான்..."

"சொன்னாங்க, சொன்னாங்க. பொண்ணோட அம்மா பொறந்த கூட்டத்து ஆளு, அந்த முறைக்கு அண்ணன் ஆகோணும், மத்தபடி போக்குவரத்து இல்லீன்னாங்க. அப்படியிருந்தும் நேரத்துல வந்திருக்கறீங்க பாருங்க, பெரிய மனசுங்க."

"யாருங்க சொன்னது?"

"பொண்ணோட அம்மாவேதானுங்க."

எங்கள் சனத்தில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் எல்லோருமே அண்ணன் தங்கை முறைதான். முகத்தையே பார்த்திராத ஒருத்தனையும் அண்ணா என்று கூப்பிடலாம், தப்பில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவனைத் தள்ளி வைக்க என் தங்கை அந்த முறையைத்தான் எடுத்திருக்கிறாள். அண்ணன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். பொய் என்று யாரும் அவளைப் பிடிக்க முடியாது.

காய்கறி மூட்டைகள் கிடந்த அறையில் அவளைப் பிடித்தேன். புதுச்சேலை கட்டி, கையில் தாம்பாளத்தோடு நின்றாள்.

"அம்மிணி, நான் உனக்கு எந்த முறைக்கு அண்ணன்?"

அவள் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை. "அண்ணா, இப்ப வேண்டாம். தாலி கட்டட்டும்."

"எனக்கு இப்பத்தான் வேணும்."

"அன்னிக்கு மாப்பிள்ளையோட அப்பா உள்ள வந்து உக்காந்ததும் மொதப் பேச்சே உன்ற வண்டிதாண்ணா. 'யாருங்க அது? இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்க வட்டிக்கு உடறவங்களாத்தான் இருப்பாங்க. எங்க அண்ணன் தோட்டம் அப்படித்தான் போச்சு. அந்த மாதிரி எடத்துல நாங்க கை நனைக்கறதில்லீங்க'ன்னாரு. நாலு வரன் தட்டிப்போய் வந்த வரன். எனக்குப் பயமாப் போச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"எங்கண்ணன் ரிக்குக்காரன், கல்மாவு தின்னு சம்பாதிச்சான்னு சொல்றதுக்கு என்ன?"

"நம்புவாங்களா? ஊருக்குள்ளயே நம்பறதில்ல."

"நீ நம்பறயா?"

அவள் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை அடுக்கினாள். அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். பட்டத்தைக்கூட விட்டுவிடுவேன். நீ நம்புகிறாயா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று வர வேண்டாமா?

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வண்டிய ஊட்லயே உட்டுப்போட்டு பஸ்ஸுல வந்திருப்பேனே" என்றேன்.

"நீயா? மண்டபத்து வாசல்ல நிறுத்தி நாலு பேரு பாக்காட்டி உனக்குச் சோறு எறங்குமாண்ணா?"

அவள் சொன்னது உண்மைதான். உண்மை என்பதால் வலி குறைந்துவிடாது. மச்சான் அறை வாசலில் வந்து நின்று, "மச்சான், அவ மேல கோவிச்சுக்காதீங்க, ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் முடிவு பண்ணினோம்" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன் என்கிறாள் அவள். யோசித்து முடிவு செய்தோம் என்கிறார் இவர். மண்டபத்தில் இருந்த என் சொந்தங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் காலையிலிருந்து ஒருத்தரும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

தாலி கட்டியது, பந்தி நடந்தது. நான் சாப்பிடவில்லை. கிளம்பலாம் என்று சாவியை எடுத்தபோது மாப்பிள்ளையின் அப்பா மறுபடி வந்தார். "ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? பொண்ணும் மாப்பிள்ளையும் ஊட்டுக்கு வர உங்க வண்டியக் குடுத்தா நல்லா இருக்கும்னு எங்க பொம்பளையாளுக ஆசைப்படறாங்க." அந்த வண்டிதான் அவரைப் பயமுறுத்திய வண்டி. கல்யாணத்துக்கு ஆகாதவனின் வண்டி ஊர்வலத்துக்கு ஆகும். என் மனைவி பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். மாலையின் கனத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். "சாவிய யாருக்கும் குடுக்கறதில்லீங்க, நானே ஓட்டறேன்" என்றேன்.

நாமக்கல் தாண்டி, பரமத்தி வேலூர் பாலம் தாண்டி, கரூர் போகும்வரை பின் சீட்டில் பிள்ளை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன்தான் சீட்டு சூடாவது எப்படி, கதவு தானாக மூடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அம்மா சொன்ன பொய் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் ஒரு தடவையும் கண்ணாடியைப் பார்க்காததால், தெரியும் என்று தெரிந்துகொண்டேன். மூன்று வயதில் என் ரிக் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள்.

மாப்பிள்ளை வீட்டில் ஆலம் சுற்றி உள்ளே கூட்டிப்போனார்கள். என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். சம்பந்தி என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "என்ன தொழில் பண்றீங்க?" என்றார்.

"போர் போடறேனுங்க. ஆறு ரிக்கு ஓடுது."

அவர் முகம் மாறியது. "அப்படீங்களா! நான் என்னமோ நெனச்சுப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க. உழைச்சு வாங்கின வண்டிதான்." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "பொண்ணோட அம்மாவுக்குக் கூடப் பொறந்தவருன்னு பட்டங் கட்டினாரே, அவரு ஒருத்தருதானுங்களா?"

நிலைவாசலுக்கு அந்தப் பக்கம் பிள்ளை சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் மாமா என்று கேட்ட பார்வை அது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு என் இடம் திரும்பக் கிடைத்துவிடும். வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் ஆகாத அந்தப் பெண் பொய்க்காரி மகளாகிவிடுவாள். என் வாழ்க்கையில் பெருமை பேச வாய்ப்புக் கிடைத்து நான் பேசாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

"ஆமாங்க," என்றேன். "அவரு ஒருத்தருதானுங்க."

மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அதை அந்தப் பிள்ளைக்காகச் செய்தேன். அவள் அம்மாவுக்காகச் செய்யவில்லை. அதற்கப்புறம் தங்கை போன் செய்தால் நான் எடுப்பதில்லை. போன வாரம் சித்தப்பா மகன் வந்தான். பிள்ளைக்கு ஏழாம் மாதம், கட்டுச்சோறு விருந்து வைத்திருக்கிறார்கள், அக்கா உங்களை அவசியம் வரச் சொன்னாள், வண்டியிலேயே வரச் சொன்னாள் என்றான். சம்பந்திக்குத்தான் இப்போது என்மேல் மரியாதை வந்துவிட்டதே.

"தாய்மாமன் போனாப் போதும்டா. கூட்டத்து ஆளுக்கு அங்க என்ன வேலை?" என்று சொல்லி அனுப்பினேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றான். நான் உள்ளே வந்துவிட்டேன்.