கசெற்றில் அகப்பட்ட செருப்பு

வீட்டை வீடியோ எடுக்க வேண்டும் என்று தரகர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி, கடல்காற்று. வெள்ளவத்தையில் இதற்கு மேல் ஒரு வாடகை வீட்டில் என்ன இருக்கப்போகிறது? கண் இருப்பவர்கள் வந்து பார்க்கட்டுமே!

“பாக்குற ஆள் இங்க இல்லயே தங்கச்சி. டொரண்டோல ஈக்கிறாரு,” என்றார் அவர். “அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில இருந்து வரப் போறாங்க. மகன் அங்க இருந்து பாத்து சரி செல்லணும். இப்ப எல்லாரும் கசெட்டுத்தான் கேக்குறாங்க.”

பாமன்கடையிலிருந்து வரும் வயதான முஸ்லிம் மனிதர் அவர். நானா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். ஓயாமல் கதைப்பார். அவர் கதைக்கும் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நெருப்பின் மேல் நிற்பது போல இருக்கும். காரணம் மேல்வீட்டில் இருந்தது.

கீழே அம்மாவும் நானும். அப்பா செத்த பிறகு வீட்டில் இரண்டே பேர் என்றுதான் ஊருக்கும் பொலிசுக்கும் சொல்லி வைத்திருந்தோம். காலியாகக் கிடக்கிறது என்று சொன்ன மேல்வீட்டில், வடக்கிலிருந்து வந்த என் தம்பி இருந்தான். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிசில் பதியாமல் கொழும்பில் தங்க முடியாத காலம் அது. வவுனியாவில் அவனுக்குக் கொடுத்த பாஸ் முடிந்துபோயிருந்தது. பதியப் போனால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் நாங்கள் போகவில்லை. அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதுப் பெடியனாக இருப்பதே அப்போது குற்றம். ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்தாயிற்று. மேல்வீட்டுக்கு அட்வான்ஸ் வந்தால் அவனைப் பிளேன் ஏற்றிவிடலாம். எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதனால்தான் வீடியோவுக்கும் தலையாட்டினேன்.

வீடியோக்காரர் வருகிற அன்று காலை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேலே ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஷேவ் செய்கிற சாமான், கொடியில் கிடந்த சாரம், பல்துலக்கும் பிரஷ், பாய், தலையணை என்று எல்லாவற்றையும் அள்ளி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். தம்பி சுவரில் சாய்ந்து நின்று சிரித்தான்.

“அக்கா, நானும் ஒரு ஷொட்டிலை வரட்டே? ஹீரோ இல்லாமல் என்ன படம்?”

“வாயை மூடு, மூதேவி! உன்ரை அசுமாத்தமே இருக்கக் கூடாது. கிணத்தடிக் குளியலறைக்குள்ளை போய்க் கொழுக்கியைப் போடு. நான் கூப்பிடுமட்டும் இருமவும் கூடாது.”

“தும்மலாமே?”

அடிக்கக் கை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே போனான்.

வீடியோக்காரர் கொட்டாஞ்சேனைக்காரர். கல்யாண வீடுகளைத் தவிர வேறொன்றும் எடுத்துப் பழக்கமில்லை. தோளில் பெரிய கமெரா. தரகரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒழுங்கையில் இருந்தே தொடங்கினார். கேற், பூச்சாடி, நிலைக்கதவு, நிலைக்கு மேலே மஞ்சள் பூசிய தேங்காய். பிறகு கமெராவை மெல்ல மெல்லக் கீழே இறக்கி வாசற்படியில் நிறுத்தினார்.

“பொண்ணு வீட்டுக்குள்ள வர்ற எடம் அக்கா. கல்யாணத்துல முதல்ல காலைத்தான் எடுப்போம். வலது காலை எடுத்து வச்சு உள்ள வாங்க பாப்போம்.”

“எனக்கென்ன கல்யாணமா? வீட்டைக் காட்டச் சொன்னால் காலைக் காட்டச் சொல்றியள்!”

“கை பழகிருச்சு அக்கா. சும்மா வாங்க.”

வேறு வழியில்லாமல் வலது காலை எடுத்து வைத்து என் சொந்த வீட்டுக்குள் புதுப்பெண் மாதிரி நுழைந்தேன். பின்னாலேயே தரகரின் குரல் வந்தது. “இது வாசல். இது ஹோல். இது சாமி அறை. வீட்டுக்கார அம்மா நல்ல மனுசி.” அம்மா கமெராவைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டாள். அவள் கண் மட்டும் கிணற்றடிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவளைக் கிள்ளலாம் போல இருந்தது.

மேலே போனோம். குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார்கள். ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது வீடியோக்காரர் பல்கனிக்குப் போய்விட்டார்.

“ஐயோ, அந்தப் பக்கம் திருப்பாதையுங்கோ!”

“கடல் இல்லாம வெள்ளவத்தை வீடா அக்கா?” என்றபடி அவர் கமெராவை ஒரு சுற்றுச் சுற்றினார். கடல் இருந்தது. கடலுக்கு முன்னால் ரயில் பாதை. பாதையோரம் மண்மூட்டை அடுக்கிய காவலரண். அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது.

காவலரணில் நின்றவர்கள் துவக்கோடு ஓடி வந்தார்கள். வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். அம்மாவும் நானும் என்றேன். அகப்பட்ட கமெராவே அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்ததால் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. தரகரையும் வீடியோக்காரரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கே ஒரு அதிகாரி கசெற்றைப் பார்க்க வேண்டும் என்றார். ரீவி ஒன்றும் தேடவில்லை. கமெராவைத் தன் தோளில் வைத்து, அதன் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணைப் பொருத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த படம் எங்களுக்குத் தெரியவில்லை. கமெராவின் சின்ன ஸ்பீக்கரில் தரகரின் குரல் மட்டும் கீச்சுக் கீச்சென்று வந்தது. “இது வாசல்...” அந்த இடத்தில் அதிகாரியின் விரல் பொத்தானை அமத்தியது. திரும்பச் சுற்றினார். மறுபடி பார்த்தார்.

“மே செரெப்பு காகெத?”

யாருடைய செருப்பு? வீடு முழுவதும் துடைத்தெடுத்த நான் வாசலைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரல் பக்கம் தேய்ந்த, கறுப்பு வார் போட்ட தம்பியின் ரப்பர் செருப்பு. என் செருப்புக்கும் அம்மாவின் செருப்புக்கும் பக்கத்தில் எப்போதும் கிடப்பது. தினம் பார்ப்பதால் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

“ரெண்டு பொம்பிளைகள் என்று சொன்னாய். இது ஆம்பிளைச் செருப்பு,” என்றார் அதிகாரி சிங்களத்தில். தரகருடையது, இல்லாவிட்டால் வீடியோக்காரருடையது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியாது. அந்தப் படத்தை எடுத்தபோது அவர்கள் இருவரும் சப்பாத்தோடு ஒழுங்கையில் நின்றார்கள். கிணற்றடிக் கதவின் கொழுக்கி மட்டும் கண்ணுக்குள் நின்றது.

தரகர் சிரித்தார். எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ!

“அது என்ட வேலை மஹத்தயா,” என்று சிங்களத்தில் தொடங்கினார். “ரெண்டு பொம்பிளைகள் தனிய இருக்கிற வீட்டை யார் எடுப்பான்? வெளிநாட்டில் இருக்கிற மகன் முதல் கேக்கிறதே, வீட்டில் ஆம்பிளைத் துணை இருக்கா என்றுதான். அதுக்காக என் வீட்டிலிருந்து ஒரு பழைய சோடியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு எடுத்தேன். வியாபாரம், மஹத்தயா. மன்னிக்கணும்.”

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடல் வருகிற இடத்தை அழிக்கச் சொன்னார். வீடியோக்காரர் லென்ஸை மூடி, அதன் மேலேயே வெறும் இருட்டைப் பதிந்து கொடுத்தார். புறப்படும்போது அதிகாரி, “நாளைக்கு ஆள் அனுப்பி வீட்டைப் பார்ப்பேன்,” என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

ஓட்டோவில் திரும்பி வந்தோம். எங்கள் ஒழுங்கை முனையில் இறங்கும்போது தரகர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“தங்கச்சி, அந்தச் செருப்பு வாசல்லயே கிடக்கட்டும். எடுக்க வாணாம். மத்தத அனுப்பிடுங்க.”

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை. அந்த வாயாடி மனுசனின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அன்று பின்னேரமே தம்பியை அனுப்பினோம். வேலை முடிந்து கந்தோர் விட்டு வருகிற சனத்தோடு சனமாக ரயிலேறித் தெஹிவளையில் இறங்கினால் அவனுடைய சிநேகிதன் ஒருவனின் அறை இருந்தது. செருப்பு வாசலில் கிடக்க வேண்டும். ஆகவே அப்பாவின் பழைய சப்பாத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“கடிக்குதக்கா. என்ரை செருப்பைத் தாவன்.”

“கடிச்சால் சாகமாட்டாய். போ, போ! ரயில் வரப்போகுது.”

கேற்றடியில் ஒருமுறை குனிந்து சப்பாத்தின் பின்பக்கத்தை விரலால் தளர்த்தினான். பிறகு கொஞ்சம் நொண்டிக்கொண்டு போனான். அவன் தெஹிவளைக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த நாள் பொலிசிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்தான். வாசலில் செருப்பைக் கண்டு, கதை தெரிந்தவன் போலச் சிரித்துவிட்டுப் போனான். அவனிடம் தம்பியைப் பற்றிக் கேட்க முடியுமா? இல்லாதவன் என்று சொன்ன ஆளைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வது? பிறகு கேட்கத்தான் செய்தோம். கேட்காத இடமில்லை. கும்பிடாத காலில்லை. எங்கேயும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

இதற்கிடையில் கசெற் டொரண்டோ போய், மகனுக்கு வீடு பிடித்து, அட்வான்சும் வந்துவிட்டது. அதை அம்மா சாமி அறையில் வைத்தாள். தொடவேயில்லை.

டொரண்டோ மகனின் தாயும் தகப்பனும் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அந்த அம்மா மூச்சு வாங்கியபடி வாசலில் நின்று கீழே பார்த்தார்.

“இந்தச் செருப்பைத்தான், பிள்ளை, மகன் சொன்னவன். நடுவிலை கொஞ்சம் படம் இருட்டாப் போச்சாம், ஆனால் வீட்டிலை ஆம்பிளைத் துணை இருக்கு, பயமில்லாமல் போங்கோ எண்டவன். உம்மடை தம்பியோ?”

“ஓம் அம்மா. தம்பிதான்.”

“எங்கை ஆளைக் காணேல்லை?”

“வெளியிலை போயிட்டான்.”

“செருப்புக் கிடக்குது?”

எனக்குப் பின்னால் அம்மா நின்றாள்.

“அவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனவன்,” என்றேன்.